காரில் புளூடூத் பாட்டு தடைபடுகிறதா? பழுது எங்கே என்று முதலில் பிரித்தறியுங்கள்

போன் இணைந்துவிட்டது என்று காரின் திரை சொல்கிறது. பாட்டு மட்டும் வரவில்லை. இப்படி ஆனதும் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: இருக்கிற இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாக இணைத்துப் பார்ப்பது. சில கோளாறுகள் அதில் தீரும். பல கோளாறுகளுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. தற்செயலாகச் சரியாகிவிட்டாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த நெடும்பயணத்தில் அதே தொல்லை வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

எதையும் அழிக்குமுன், எதையும் வாங்குமுன், பழுது போனில் இருக்கிறதா, இடையிலுள்ள ரேடியோ அலையில் இருக்கிறதா, காரின் ஸ்டீரியோவில் இருக்கிறதா என்று பிரித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இடம் தெரிந்துவிட்டால் தீர்வு பெரும்பாலும் ஓரிரு நிமிட வேலைதான்.

இந்தச் சோதனைகள் எல்லாவற்றையும் காரை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். கையில் போனைப் பிடித்தபடி ஓட்டுவது 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆவது பிரிவின் கீழ் ஆபத்தான ஓட்டுதலாகவே கருதப்படுகிறது. சட்டம் இல்லாவிட்டாலும் ஒரு பாட்டுக்காகச் சாலையிலிருந்து கண்ணை எடுப்பது எந்தக் கணக்கிலும் சரியாகாது. மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிட்டுக்கொண்டு உட்காரவும் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். திறந்த இடத்தில் நிறுத்துங்கள். என்ஜினை அணைத்துவிட்டுச் சாவியை மட்டும் திருப்பி வைத்துச் சோதித்தால் நீண்ட நேரம் அப்படியே விடாதீர்கள், பேட்டரி இறங்கிவிடும்.

## ஒரே பெயரில் பல இணைப்புகள்

காரும் போனும் இணைந்திருக்கின்றன என்று திரை காட்டும்போது உண்மையில் பல தனித்தனித் தடங்கள் இயங்குகின்றன. புளூடூத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு விதித்தொகுப்பு உண்டு. பேசுவதற்கு ஹெச்எஃப்பி. இசையை ஸ்டீரியோவாக அனுப்ப ஏ2டிபி. அடுத்த பாட்டு, நிறுத்து, ஓட்டு போன்ற கட்டளைகளுக்கும் திரையில் பாட்டின் பெயர் வருவதற்கும் ஏவிஆர்சிபி. தொடர்பு எண்களை எடுத்துக்கொள்ள பிபிஏபி. இந்தச் சுருக்கப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒன்று வேலை செய்யும்போது இன்னொன்று செத்துக் கிடக்கலாம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அழைப்பு நன்றாகக் கேட்கிறது, பாட்டு வரவில்லை என்றால் பேச்சுத் தடம் உயிரோடு இருக்கிறது, இசைத் தடம் திறக்கவில்லை என்று பொருள். பாட்டு கேட்கிறது, ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தான் வேலை செய்யவில்லை என்றால் கோளாறு கட்டளைத் தடத்தில்.

## முதலில் செய்ய வேண்டிய சோதனை

இணையம் தேவைப்படாத ஒரு பாட்டைப் போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனைக்கு அது அவசியம். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். வைஃபையை அணைத்துவிட்டு, போனைக் கியர் அருகில் வைத்து, அந்தப் பாட்டை ஓடவிடுங்கள்.

இப்போது போனின் திரையில் பாட்டின் நேரம் நகர்கிறதா என்று பாருங்கள். நகரவே இல்லை என்றால் செயலியோ போனோ பாட்டை ஓட்டவில்லை; காரைக் குறை சொல்லிப் பயனில்லை. போனில் நேரம் நகர்கிறது, சத்தம் போனின் ஸ்பீக்கரிலிருந்தே வருகிறது என்றால் இசைத் தடம் திறக்கவில்லை. நேரம் நகர்கிறது, போனிலும் சத்தம் இல்லை, காரிலும் இல்லை என்றால் ஒலி வேறெங்கோ போய்க்கொண்டிருக்கிறது, அல்லது காருக்கு வந்தும் அங்கே அடக்கப்பட்டிருக்கிறது.

அடுத்து மாற்றிப் பார்ப்பது. வீட்டிலுள்ள வேறொருவரின் போனை அதே காரில் இணைத்துப் பாருங்கள். உங்கள் போனை வீட்டிலுள்ள புளூடூத் ஸ்பீக்கரிலோ இன்னொருவரின் காரிலோ இணைத்துப் பாருங்கள். வேறு போன் உங்கள் காரில் நன்றாகப் பாடினால் கார் பெரும்பாலும் குற்றமற்றது. உங்கள் போன் எல்லா இடங்களிலும் தகராறு செய்தால் போன்தான். இரண்டுமே தனித்தனியாக ஒழுங்காக இருந்து, சேரும்போது மட்டும் முரண்டு பிடித்தால், பழைய இணைப்புக்காக இரண்டும் சேமித்து வைத்த ரகசியச் சாவி கெட்டிருக்கலாம் அல்லது இரண்டின் மென்பொருளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. இந்த ஒரு சோதனை பல மணிநேர அலைச்சலை மிச்சப்படுத்தும். இதைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள்.

## பேச முடிகிறது, பாட்டு வரவில்லை

மிகவும் பரவலான புகார் இது. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் திறந்து, கனெக்டட் டிவைசஸ் பகுதியில் காரின் பெயருக்குப் பக்கத்திலுள்ள பல்சக்கரக் குறியைத் தட்டுங்கள். அங்கே போன் கால்ஸ், மீடியா ஆடியோ என்று தனித்தனி விசைகள் இருக்கும். சாம்சங் போன்களில் கனெக்‌ஷன்ஸ், பிறகு புளூடூத் என்று போனால் கால்ஸ், ஆடியோ என்று காணப்படும். மீடியா ஆடியோ அணைந்திருந்தால் அழைப்புக்குக் கார் பேசும், பாட்டுக்கு ஊமையாக இருக்கும். அதை இயக்கினாலே பலருக்கு வேலை முடிந்தது.

ஐபோனில் இந்தத் தனி விசை கிடையாது. கன்ட்ரோல் சென்டரில் பாட்டுப் பெட்டியின் மூலையிலுள்ள ஏர்ப்ளே குறியைத் தட்டி, ஒலி எங்கே போகிறது என்று பாருங்கள். காரின் பெயருக்குப் பதில் இயர்பட்ஸின் பெயரோ வீட்டு ஸ்பீக்கரின் பெயரோ தேர்வாகியிருக்கலாம். கைப்பையில் கிடக்கும் இயர்பட்ஸ் பெட்டியின் மூடி சற்றே திறந்தாலும் அது போனோடு இணைந்து ஒலியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு போனிலும் ஒலி எங்கே போகிறது என்பதைப் பாட்டின் அறிவிப்புப் பெட்டியில் பார்க்கலாம்.

அடுத்து காரின் பக்கம். ஸ்டீரியோ எஃப்எம் ரேடியோவிலோ யூஎஸ்பியிலோ நின்றிருந்தாலும் அழைப்பு வந்தால் அது தானாகவே பேச்சுக்கு மாறிவிடும். பாட்டுக்கு அப்படி மாறுவது எல்லாக் கார்களிலும் கிடையாது. மோடு அல்லது சோர்ஸ் பொத்தானை அழுத்தி பிடி ஆடியோ (BT Audio) என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தேர்வு மங்கலாகத் தெரிந்தால், வயர் வழியாக ஆண்ட்ராய்டு ஆட்டோவோ கார்ப்ளேயோ ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பல கார்களில் அப்போது சாதாரணப் புளூடூத் பாட்டு மூடப்படும்.

குடும்பத்தில் இரண்டு போன்கள் ஒரே நேரத்தில் இணையும் கார்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு போன் பேச்சுக்கு, இன்னொரு போன் பாட்டுக்கு என்று ஸ்டீரியோ பங்கிட்டுக்கொடுக்கும். சாதனப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே போன் குறியும் இசைக் குறியும் தனித்தனியாக இருக்கும். உங்கள் பெயருக்கு எதிரே இசைக் குறி ஒளிர்கிறதா என்று பாருங்கள். வீட்டில் இருவருக்கும் ஒரே ரகப் போன் என்றால் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை வந்து குழப்பும். போனின் பெயரை மாற்றி வைத்துவிட்டால் அந்தக் குழப்பம் தீரும்.

சில கார்களின் அடிப்படை ரகங்களில் பேச்சுத் தடம் மட்டுமே உண்டு. இசைத் தடமே கிடையாது. கையேட்டில் புளூடூத் ஆடியோ ஸ்ட்ரீமிங் என்ற சொல் இல்லாவிட்டால் செட்டிங்ஸில் தேடுவது வீண்.

## ஓடுகிறது, ஆனால் சத்தம் இல்லை அல்லது மிகக் குறைவு

போனுக்கு ஒரு சத்த அளவு, காருக்கு ஒரு சத்த அளவு என்று இரண்டு தனித்தனியாக இருக்கலாம். போனில் கால்வாசிக்கு வைத்துவிட்டுக் காரில் முழுதாகத் திருகினால் பாட்டோடு இரைச்சலும் சேர்ந்து பெருகும். போனில் உச்சத்துக்கு அருகில் வைத்து, காரின் திருகில் கட்டுப்படுத்துவதுதான் சரி.

போனும் காரும் ஒரே அளவைப் பகிர்ந்துகொள்ளும் வசதி புதிய சாதனங்களில் உண்டு. ஒத்துப்போகாத ஸ்டீரியோவில் இதுவே தொல்லையாகி, சத்தம் திடீரென்று குறையும் அல்லது எகிறும். ஆண்ட்ராய்டில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பகுதியில் டிசேபிள் அப்சல்யூட் வால்யூம் என்ற விசையை இயக்கிப் பாருங்கள். அந்தப் பகுதி வெளியே தெரியாது. அபவுட் போன் பக்கத்தில் பில்டு நம்பர் என்ற வரியை 7 முறை தட்டினால் திறக்கும். அங்கே வேறெதையும் விளையாட்டுக்கு மாற்ற வேண்டாம்.

ஐபோனில் புளூடூத் பட்டியலில் காரின் பெயருக்குப் பக்கத்திலுள்ள குறியைத் தட்டினால் டிவைஸ் டைப் என்று ஒரு வரி இருக்கும். அதில் கார் ஸ்டீரியோ என்று தேர்ந்தெடுங்கள். ஹெட்போன் என்று பதிந்திருந்தால், காதைப் பாதுகாப்பதற்காக உள்ள உரத்த ஒலிக் குறைப்பு காரின் பாட்டையும் அடக்கிவிடும்.

ஒரு பக்கம் மட்டும் கேட்டால் புளூடூத்தைத் தொடாதீர்கள். காரின் பேலன்ஸ், ஃபேடர் அமைப்பையும் போனின் அக்சசபிலிட்டி பகுதியிலுள்ள இடது வலது சமநிலைக் கோட்டையும் பாருங்கள். எஃப்எம் ரேடியோவிலும் ஒரு பக்கம்தான் கேட்கிறது என்றால் ஸ்பீக்கரோ அதன் வயரோ போய்விட்டது.

## விட்டு விட்டுக் கேட்கிறது

இதில்தான் பலர் தவறான இடத்தில் தேடுகிறார்கள். ஏனென்றால் இரண்டு வெவ்வேறு நோய்களுக்கு ஒரே அறிகுறி.

முதல் நோய் இணையம். மலைப்பாதையில் ஏறும்போதோ, ஊர்களுக்கு இடையே டவர் கிடைக்காத இடத்திலோ, இணையம் வழியாக வரும் பாட்டு நின்று நின்று ஓடும். அதற்கும் புளூடூத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. போனில் சேமித்த பாட்டைக் கொண்டு சோதிக்கச் சொன்னது இதற்காகத்தான். சேமித்த பாட்டு தங்குதடையின்றி ஓடி, இணையப் பாட்டு மட்டும் நின்றால், பயணத்துக்கு முந்தைய இரவே வீட்டு வைஃபையில் பாட்டுகளை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நின்ற விதத்தையும் கவனியுங்கள்: பல நொடிகள் முழு மௌனம் என்றால் இணையம், சொல் சொல்லாகத் திக்கினால் ரேடியோ அலை.

இரண்டாவது நோய் அந்த ரேடியோ அலை. புளூடூத் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்குகிறது. பாட்டு அனுப்பும் வகைப் புளூடூத் அந்தப் பட்டையை 79 தடங்களாகப் பிரித்து, நொடிக்கு 1,600 முறை தடம் தாவுகிறது. நெரிசலான தடங்களை அடையாளம் கண்டு விலகிப்போகும் வசதியும் 2003இல் வந்த 1.2 பதிப்பிலிருந்தே இருக்கிறது. இருந்தாலும் அதே பட்டையில் வைஃபையும் இயங்குகிறது. ஒரு வைஃபை அலைவரிசை ஏறக்குறைய 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுத்துக்கொள்கிறது. மொத்தப் பட்டையில் அது கால்பங்கு. காருக்குள் இருவர் வைஃபையை ஓடவிட்டால் புளூடூத்துக்கு மிஞ்சுவது ஏறக்குறைய பாதிப் பட்டைதான்.

ஆகவே காருக்குள் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் இரைபவை எவை என்று தேடுங்கள். பின்னிருக்கையில் பிள்ளைகள் படம் பார்க்க நீங்கள் திறந்துவைத்த ஹாட்ஸ்பாட் முதல் சந்தேக நபர். பெரும்பாலான போன்களில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே சில்லில் இருப்பதால் பாட்டு அனுப்பும் போனே ஹாட்ஸ்பாட்டும் கொடுத்தால் திணறல் இயல்பு. ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் அமைப்பில் 5 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி என்ற விசையை அணையுங்கள். அதைவிட நல்லது, ஹாட்ஸ்பாட்டை வேறொருவரின் போனிலிருந்து கொடுப்பது. வைஃபை உள்ள டேஷ்கேம் அடுத்த சந்தேக நபர். அதன் வைஃபையைக் காட்சிகளை இறக்கும்போது மட்டும் இயக்கினால் போதும். யூஎஸ்பி 3.0 சாதனங்களும் கவசம் சரியில்லாத கேபிள்களும் இதே பட்டையில் இரைச்சலை உமிழும். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடுங்கினால் குற்றவாளி யார் என்று தெரியாது.

போன் இருக்கும் இடமும் முக்கியம். இந்த அலைவரிசையை நீர் நன்றாக உறிஞ்சும். மனித உடலில் பெரும்பகுதி நீர். பேன்ட்டின் பின்பாக்கெட்டில் போனை வைத்து அதன்மேல் உட்கார்ந்தால் அலை உங்கள் உடலைத் தாண்டித்தான் ஸ்டீரியோவுக்குப் போக வேண்டும். உலோகத் தகடு வைத்த காந்த மவுன்ட், தடித்த உலோக உறை ஆகியவையும் மறைக்கும். போனை நடுக் கன்சோலில் திறந்தபடி வைத்துப் பாருங்கள். அங்கே ஒழுங்காகப் பாடினால் இனி அதன் இடம் அதுதான்.

வெயிலையும் மறக்கக் கூடாது. ஐபோனைப் பயன்படுத்தச் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று ஆப்பிளே சொல்கிறது. சித்திரை வெயிலில் கண்ணாடிக்குப் பின்னால், சார்ஜும் ஏறிக்கொண்டு, வழிகாட்டி வரைபடமும் ஓடிக்கொண்டிருக்கும் போன் அந்த எல்லையை எளிதில் தாண்டும். சூடான போன் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், பாட்டு திக்கும். ஏசி காற்று படும் இடத்துக்குப் போனை மாற்றினாலே சரியாகிற திக்கல்கள் உண்டு.

இன்னொன்று பேட்டரிச் சிக்கனம். திரையை அணைத்துச் சிறிது நேரத்தில் பாட்டு நின்றால், பின்னணியில் ஓடும் செயலியை ஆண்ட்ராய்டு அடக்குகிறது. அந்தச் செயலியின் தகவல் பக்கத்தில் பேட்டரி பகுதிக்குப் போய் அன்ரெஸ்ட்ரிக்டட் என்று வையுங்கள்.

ஒலித்தரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் எஸ்பிசி எல்லாச் சாதனங்களிலும் கட்டாயம் இருக்கும். ஐபோன் எஸ்பிசி, ஏஏசி இரண்டை மட்டுமே கையாளும். எல்டாக் என்ற இன்னொரு முறை நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்ப முயலும். நெரிசலான இடத்தில் அந்தப் பேராசையே திக்கலாக முடியும். உங்கள் ஆண்ட்ராய்டு போனும் ஸ்டீரியோவும் எல்டாக் பேசினால், டெவலப்பர் ஆப்ஷன்ஸில் அதை ஏஏசிக்கோ எஸ்பிசிக்கோ மாற்றிப் பாருங்கள். டயர் இரைச்சலும் காற்று இரைச்சலும் நிறைந்த ஓடும் காரில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு காதுக்கு எட்டுவது அரிது. பாட்டுச் செயலியில் டேட்டா சேவர் இயங்குகிறதா என்று பார்ப்பது அதைவிட அதிகப் பயன் தரும்.

## பாட்டு பழைய தொலைபேசிக் குரல்போல் கேட்டால்

ஒலி தட்டையாகி, ஆழம் போய், போன் பேச்சுபோல் கேட்கிறது. திரையில் அழைப்பு நடப்பதாகக் காட்டுகிறது, ஆனால் யாரும் பேசவில்லை. ஏதோ ஒரு செயலி மைக்கைத் திறந்து பேச்சுத் தடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பேச்சுத் தடத்தில் பெரும்பாலும் நொடிக்கு 8,000 அல்லது 16,000 ஒலி மாதிரிகள்தான், அதுவும் ஒற்றை ஒலியாக. குரல் உதவியாளர், குழு அழைப்பு, பேச்சு வசதியுள்ள விளையாட்டு ஆகியவற்றை முழுவதுமாக மூடுங்கள். மூடிய நொடியிலேயே பாட்டு பழைய நிறத்துக்குத் திரும்பும்.

## தானாக இணைய மறுக்கிறது

இங்கேதான் அழித்து இணைப்பதற்கு உண்மையான வேலை வருகிறது. முதன்முறை இணைக்கும்போது போனும் காரும் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்கின்றன. போனின் மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகோ, ஸ்டீரியோவை மீட்டமைத்த பிறகோ ஒரு பக்கத்துச் சாவி மாறினால் மறுபக்கம் கதவைத் திறக்காது. பலர் போனில் மட்டும் அழிக்கிறார்கள். காரில் பழைய சாவி அப்படியே கிடக்கிறது. அதனால்தான் எத்தனை முறை முயன்றாலும் இணைவதில்லை. இரண்டு பக்கமும் அழிக்க வேண்டும்.

1. காரை நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். பல ஸ்டீரியோக்கள் கார் நகரும்போது புதிய போனைச் சேர்க்க விடாது.
2. காரின் சாதனப் பட்டியலில் உங்கள் போனை நீக்குங்கள். பட்டியல் நிரம்பியிருந்தால், விற்றுவிட்ட பழைய போன்களையும் எப்போதோ வந்த விருந்தினரின் போனையும் சேர்த்தே நீக்குங்கள். இந்தப் பட்டியலுக்கு வரம்பு உண்டு; பல கார்களில் அது 5 போன்கள்தான்.
3. போனில் காரின் பெயரைத் தட்டி ஃபர்கெட் கொடுங்கள்.
4. போனை அணைத்துப் போடுங்கள். காரையும் அணைத்து, கதவைத் திறந்து மூடி, திரை முழுவதும் இருண்ட பிறகு மறுபடி இயக்குங்கள்.
5. மற்றவர்களின் போன்களில் புளூடூத்தை அணைக்கச் சொல்லுங்கள்.
6. ஸ்டீரியோவில் புதிய சாதனம் சேர்க்கும் பக்கத்தைத் திறந்து, போனிலிருந்து காரைத் தேடி இணையுங்கள். இரண்டு திரையிலும் ஒரே எண் வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்துச் சம்மதம் கொடுங்கள். பழைய ஸ்டீரியோக்கள் எண் கேட்டால் 0000 அல்லது 1234 பெரும்பாலும் திறக்கும்.
7. தொடர்பு எண்களை எடுக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் அவை ஏறி முடியும்வரை பொறுங்கள். வேகம் குறைந்த ஸ்டீரியோ அந்த நேரத்தில் பாட்டையும் திணறடிக்கும்.

ஐபோன்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கன்ட்ரோல் சென்டரில் புளூடூத் குறியைத் தட்டினால் அது முழுவதும் அணைவதில்லை. இணைந்திருந்த சாதனங்களை மறுநாள் அதிகாலை 5 மணிவரை விலக்கி வைக்கிறது. காலையில் தட்டிவிட்டு மாலையில் கார் ஏன் இணையவில்லை என்று தேடுபவர்கள் அதே குறியை மறுபடி தட்டவோ செட்டிங்ஸுக்குள் போய் இயக்கவோ வேண்டும்.

இதற்கும் மசியாவிட்டால் போனின் ரீசெட் பகுதியில் நெட்வொர்க் அமைப்புகளை மட்டும் மீட்டமைக்கலாம். படங்களும் செய்திகளும் போகாது. சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் போய்விடும்.

வாடகைக் காரில் இணைத்திருந்தாலோ, காரை விற்கப்போகிறீர்கள் என்றாலோ, காரின் பட்டியலிலிருந்து உங்கள் போனைக் கட்டாயம் நீக்குங்கள். உங்கள் தொடர்பு எண்கள் அதற்குள் இருக்கக்கூடும்.

## கேட்காமலே ஓடும் பாட்டு

கார் இணைந்ததும் ஓட்டு என்ற கட்டளையைத் தானே அனுப்புகிறது; போனில் கடைசியாகத் திறந்திருந்த இசைச் செயலியோ, வேறெதுவும் இல்லாவிட்டால் போனின் சொந்தச் செயலியோ அதற்குக் கீழ்ப்படிகிறது. ஸ்டீரியோவில் ஆட்டோ ப்ளே என்ற விசை இருந்தால் அணையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் விரும்பும் செயலியை வண்டி எடுக்குமுன் ஒருமுறை திறந்து ஓட்டி நிறுத்திவையுங்கள்.

## தமிழ்ப் பெயர்கள் திரையில் சிதைந்தால்

நம் மொழியில் பாட்டு கேட்பவர்களுக்கே உரிய இந்தத் தொல்லையைப் பற்றிச் சர்வீஸ் மையங்களில் யாரும் பொறுமையாக விளக்குவதில்லை. மூன்று விதமாகச் சிதையும். மூன்றுக்கும் காரணம் வேறு.

எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் வந்தால் ஸ்டீரியோவில் தமிழ் எழுத்துருவே இல்லை. போன் சரியாகத்தான் அனுப்புகிறது. எழுத்துகள் தெரிகின்றன, ஆனால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது என்றால், எழுத்துரு இருக்கிறது, எழுத்தைக் கோக்கும் மென்பொருள் இல்லை. யூனிகோடில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகின்றன. திரையில் வரையும்போதுதான் முன்னால் கொண்டுவர வேண்டும். அந்த வேலையை இந்த ஸ்டீரியோ செய்யவில்லை. இந்த இரண்டையும் ஸ்டீரியோவின் மென்பொருள் புதுப்பிப்பு மட்டுமே தீர்க்கும். நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். இத்தனை தமிழர்கள் வாங்கும் காரில் தமிழ் தெரிய வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை.

மூன்றாவது வகையில் கேள்விக்குறிகளும் மேற்குறி போட்ட ரோமன் எழுத்துகளும் கலந்து வரும். கோப்பின் பெயர்க்குறிப்பு யூனிகோடில் இல்லை. பழைய எழுத்துரு முறையில் எழுதப்பட்டது. கணினியில் எம்பி3டேக் போன்ற இலவச மென்பொருளில் திறந்து தமிழில் திருத்திச் சேமியுங்கள். போன பத்தியில் சொன்ன ஸ்டீரியோ உங்களுடையது என்றால் ரோமன் எழுத்தில் போடுவதே நடைமுறைக்கு உகந்தது.

நீளமான பெயர் பாதியில் வெட்டுப்படவும் தமிழில் வாய்ப்பு அதிகம். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். நிலவு என்ற சொல்லுக்கு 15 பைட். அதையே ரோமனில் எழுதினால் 6 பைட்.

பெயரே வரவில்லை அல்லது முந்தைய பாட்டின் பெயர் அப்படியே நிற்கிறது என்றால் அது கட்டளைத் தடமான ஏவிஆர்சிபியின் வேலை. ஆண்ட்ராய்டின் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் அதன் பதிப்பை 1.4 அல்லது 1.3க்கு இறக்கி, காரைப் புதிதாக இணைத்துப் பாருங்கள். பழைய ஸ்டீரியோக்களில் ஸ்டீயரிங் பொத்தான்களும் இதனால் உயிர்பெறுவது உண்டு.

## வயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே

இவற்றில் புளூடூத் அறிமுகம் செய்துவைப்பதோடு சரி. பாட்டு வைஃபை வழியாக, பெரும்பாலும் 5 ஜிகாஹெர்ட்ஸில் போகிறது. போனில் வைஃபையை அணைத்துவிட்டு இது ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்கக் கூடாது. வயர் வழி ஆண்ட்ராய்டு ஆட்டோவில் பாட்டு கேபிளில் வரும், அழைப்பு புளூடூத்தில் போகும். ஆகவே அங்கே பாட்டு விட்டு விட்டு வந்தால் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவான கேபிள் இதற்கு உதவாது.

## புளூடூத் இல்லாத பழைய கார்

ஆக்ஸ் துளை இருந்தால் புளூடூத் ரிசீவர் நல்ல தேர்வு. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும் ரீங்காரம் கேட்டால், ரிசீவரின் சார்ஜ் வயரைப் பிடுங்கி அதன் சொந்த பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ரீங்காரம் நின்றால் அது மின்தரைச் சுற்றினால் வருவது. ஆக்ஸ் வயரின் இடையில் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்ற சிறு கருவியைச் செருகினால் அடங்கும்.

ஆக்ஸும் இல்லாதவர்கள், போனின் பாட்டை எஃப்எம் அலையாக்கிக் காரின் ரேடியோவுக்கு அனுப்பும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டரைப் பயன்படுத்துகிறார்கள். வெற்று அலைவரிசை கிடைப்பதைப் பொறுத்தது அதன் வாழ்வு. சென்னையில் 93.5, 98.3, 101.4, 106.4 என்று நிலையங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்கு நெருக்கமாக வைத்தால் உங்கள் பாட்டை நிலையம் விழுங்கிவிடும். ரேடியோவைக் கையால் திருப்பி, வெறும் இரைச்சல் மட்டும் கேட்கும் இடத்தைத் தேடி, டிரான்ஸ்மிட்டரையும் அங்கே வையுங்கள். வேறு ஊருக்குள் நுழைந்ததும் மறுபடி தேட வேண்டியிருக்கும்.

## பழுது ஸ்டீரியோவில்தான் என்று உறுதியானால்

எந்தப் போனை இணைத்தாலும் ஒரே கோளாறு என்றால் ஸ்டீரியோவை மீட்டமையுங்கள். பலவற்றில் பவர் பொத்தானைப் பத்து நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் திரை அணைந்து மறுபடி எழும். வெளியில் வாங்கிப் பொருத்தியவற்றில் முகப்பில் ஊசி நுழையும் ஒரு துளை இருக்கும். பேட்டரி வயரைக் கழற்றுவதைக் கடைசியில் வையுங்கள். சில ஸ்டீரியோக்கள் மின்சாரம் துண்டிக்கப்பட்டால் திருட்டுத் தடுப்பு எண் கேட்கும்; அது கையில் இல்லாவிட்டால் எஃப்எம் ரேடியோவும் போய்விடும்.

மென்பொருள் புதுப்பிப்பு இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் மட்டுமே பாருங்கள். உங்கள் காரின் ரகமும் ஆண்டும் சரியாகப் பொருந்தும் கோப்பைத்தான் ஏற்ற வேண்டும். ஏறும்போது சாவியைத் திருப்பிவிடக் கூடாது.

சர்வீஸ் மையத்துக்குப் போவதானால் பாட்டு சரியில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தெந்தப் போன்களில் சோதித்தீர்கள், அவற்றின் மென்பொருள் பதிப்பு என்ன, சேமித்த பாட்டிலும் கோளாறு வருகிறதா, அழைப்பு கேட்கிறதா, ஸ்டீரியோவின் பதிப்பு எண் என்ன என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கோளாறு நிகழும்போது திரையைப் பக்கத்து இருக்கைக்காரர் காணொளி எடுத்திருந்தால் இன்னும் நல்லது; மையத்தில் காரை நிறுத்தியதும் எல்லாம் ஒழுங்காக நடப்பது வழக்கம். அவர்கள் பழுதுபார்க்கும் நாள்வரை எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த ஒரு பென்டிரைவில் எம்பி3 பாட்டுகளை ஏற்றி யூஎஸ்பியில் செருகிக் கேளுங்கள்.